தலைக்கு மேலே ஒரு தளம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "வீடு சம்பந்தமாக எதுவானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டதுதான் தாமதம், கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வக்கீலும் இல்லை, பேங்க் மேனேஜரும் இல்லை. சேலத்தில் 30 வருடமாக வீட்டுக்கு ப்ளான் போட்டுக்கொடுத்துப் பிழைப்பவன். டேப்பும் கையுமாக ஏறி இறங்கிய வீடுகளில் பார்த்ததையும், அந்த ப்ளான்களைச் சுருட்டிக்கொண்டு அலைந்த இடங்களில் பட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

நாட்டில் கோடிக்கணக்கில் வீடு பற்றாக்குறை என்கிறார்கள். நான் காலையில் வாக்கிங் போகும் வழியிலேயே 'வீடு வாடகைக்கு', 'ஃபிளாட் விற்பனைக்கு' என்று பத்து போர்டாவது தொங்குகிறது. எது பொய்?
– வாசகர், அழகாபுரம்

இரண்டும் நிஜம். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அடுத்த வருடமே மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடு குறைகிறது என்று கணக்குச் சொன்னது. அதில் 96 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு வேண்டிய வீடு. பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு ஜாதி, தேவைப்படும் வீடு வேறு ஜாதி.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1.88 கோடியில் தெருவில் படுக்கிறவர்கள் 5 லட்சத்துச் சொச்சம்தான். இடிந்து விழுகிற நிலையில் இருக்கும் வீடு, கூரை வீடு எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. மீதி, ஏறக்குறைய 80 சதவீதம், வீடு இருந்தும் அதற்குள் இடம் இல்லாதவர்கள். கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை இல்லாத குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிச்சிப்பாளையத்தில் ஒரு வீட்டை அளக்கப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, அதை ஒட்டி அடுப்படி. அறை நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய சுங்குடிச் சேலை தொங்குகிறது. அந்தப் பக்கம் மூத்த மகனும் மருமகளும் கைக்குழந்தையும், இந்தப் பக்கம் அம்மாவும் படிக்கிற பெண்ணும். அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டேன். "மாரியம்மன் கோயில் திண்ணையிலதாங்க, மழைன்னா டீக்கடை பெஞ்சு" என்றார் அந்த அம்மா, ஏதோ அடுத்த அறையைக் காட்டுகிற மாதிரி சாதாரணமாக. சின்னப்பையன் எனக்கு டேப் பிடித்தான். சுவருக்குச் சுவர் அளக்க அந்தச் சேலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இவர்களுக்கு ஊருக்கு வெளியே புது வீடு எதற்கு? தலைக்கு மேலே இன்னொரு அறை போதும். இந்தப் பக்கம் முழுக்க நான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

45 லட்சம் ரூபாய் வீட்டை 'மலிவு வீடு' என்று விளம்பரம் செய்கிறார்களே, காசு அவ்வளவு மலிந்துவிட்டதா?
– வாசகி, ஐந்து ரோடு

அவர்கள் சொல்வது ஜிஎஸ்டி கணக்கு. சேலம் மாதிரி பெருநகரம் அல்லாத ஊரில் சுவருக்குள் இருக்கும் உள்ளளவு (கார்பெட் ஏரியா) 90 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால், கட்டி முடிக்காத வீட்டுக்கு வரி 1 சதவீதம். அதைத் தாண்டினால் 5. அவ்வளவுதான் அந்த 'மலிவு'க்கு அர்த்தம். 45 லட்சத்தில் 36 லட்சம் கடன் என்றால் 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 32,000 ரூபாய்க்கு மேல் வரும். அதே அரசாங்கத்தின் வீட்டுத் திட்டத்தில் 'நலிவடைந்த பிரிவு' என்றால் வருட வருமானம் 3 லட்சத்துக்குள், அதாவது மாதம் 25,000. தவணையே சம்பளத்தை விட 7,000 ரூபாய் கூட!

400 சதுர அடி, 500 சதுர அடியில் சின்ன வீடாகக் கட்டினால் உடனே விற்றுப்போகுமே, பில்டர்கள் ஏன் கட்டுவதில்லை?
– வாசகர், சூரமங்கலம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை எல்லாம் சும்மா கணக்குக்காக வைத்துக்கொள்வது, உங்கள் தெருவில் கூடக் குறைய இருக்கும்.

2,400 சதுர அடி மனை, சதுர அடி 3,000 என்றால் 72 லட்சம். மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்கிற தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் 4,800 சதுர அடி கட்டலாம். கட்டுகிற ஒவ்வொரு சதுர அடி தலையிலும் நிலத்துக்கு மட்டும் 1,500 விழுகிறது. கட்டுமானம் 2,300 வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சு 3,800. அப்புறம் அப்ரூவல், பணம் முடங்கிக் கிடக்கும் மாதங்களுக்கு வட்டி, படிக்கட்டு, நடைபாதை, புரோக்கர் கமிஷன், அவருடைய லாபம் என்று சேர்த்தால் 5,000 வந்துவிடும். 400 சதுர அடி 20 லட்சம்.

வாங்குகிறவர் பக்கம் வாருங்கள். மாதம் 25,000 சம்பாதிக்கிற குடும்பம், சோறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போக மூன்றில் ஒரு பங்கைத் தவணைக்கு ஒதுக்க முடியும் என்றே வைப்போம். 8,300 ரூபாய். அதற்கு 20 வருடத்துக்குக் கிடைக்கிற கடன் 9 லட்சத்துச் சொச்சம். வீடு 20, கையில் 9. பெரிய பெரிய மாநாடுகளில் தேவைக்கும் வரத்துக்கும் இடைவெளி என்று பேசுகிறார்களே, அது இந்த 11 லட்சம்தான். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் நம் மாதிரி மாநிலத்துக்கு ஒரு வீட்டுக்கு மத்திய அரசு பங்கு 1.5 லட்சம். கடன் வட்டி மானியமாக வாங்கினால் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து வருடத் தவணையாக. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பள்ளத்தின் ஆழம் 11.

பில்டருக்கு 1,400 சதுர அடி வீடு ஒன்றை விற்கிற அலைச்சலும் 400 சதுர அடி வீடு ஒன்றை விற்கிற அலைச்சலும் ஒன்றே. மூன்று பேரிடம் பேரம் பேசுவதற்கு ஒருவரிடம் பேசிவிட்டுப் போகலாம். அவரைத் திட்டி லாபமில்லை. விலையை உயர்த்துவது நிலம். நிலத்துக்குப் புதிதாகக் காசு கொடுக்காமல் கட்டினால் அந்த 1,500 கழிந்துபோகிறது. ஏற்கெனவே குடியிருக்கிறவர் மாடி எடுத்தால் நிலச் செலவு பூஜ்யம். அரசாங்கமும் புறம்போக்கைத் தேடிப் போவது இதனால்தான். ஆனால் அந்தப் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

"அரசாங்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்தாலும் போகமாட்டேன் என்கிறார்கள், சோம்பேறிகள்" என்று என் அலுவலக நண்பர் சொல்கிறார். என் தாத்தா குகையில் தறி ஓட்டியவர். எனக்குக் கோபம் வருகிறது, பதில் வரவில்லை.
– வாசகர், குகை

நண்பரை ஒருநாள் உங்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குழித்தறி என்றால் தரையில் குழி. நெசவாளி காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். மூன்றாவது மாடியில் எங்கே குழி தோண்டுவது, கீழ்வீட்டுக்காரர் தலையிலா? பாவை, அதாவது நீளவாக்கு நூலை, நீட்ட நீளமான தெரு வேண்டும். குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்ற வீட்டுப் பெண்களோடு பக்கத்து வீட்டுப் பாட்டியும் வேண்டும். நூல் கொடுக்கிறவர், புடவையை வாங்குகிறவர், கூலிப் பாக்கியை நச்சரித்து வாங்கித்தருகிற பெரியவர், எல்லாரும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதை. பட்டறைக்காரர் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு "காலையில இது வேணும்" என்று வெள்ளியைக் கொடுப்பார். பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனைக் கூப்பிடமாட்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி; கடைசி பஸ் போய்விட்டால் என்ன செய்வது?

இந்த ஜனங்களுக்கு வீடும் வேலை செய்கிற இடமும் வேறு வேறு இல்லை. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் ஊருக்கு வெளியே தூக்கிக்கொடுத்தால், சாவியை வாங்கிக்கொண்டு உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய தெருவுக்கே திரும்பி வருவார்கள். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் வீடு கட்டி, ஆற்றோரம் இருந்தவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்ததும், பிள்ளைகள் படிப்பு நின்றதும் ஊரறிந்த விஷயம். 1970இல் குடிசை மாற்று வாரியம் ஆரம்பித்தபோது இருந்த யோசனை, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவது. வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய யோசனையைத் தூசி தட்டினால் நல்லது. கீழ்த்தளத்தைத் தறிக்கும் பட்டறைக்கும் விட்டுவிட்டு மேலே குடியிருக்கிற மாதிரி ஒரு ப்ளான் போட அரை நாள் போதும். நானே ஓசியில் போட்டுத்தருகிறேன்.

எங்கள் வீடு 420 சதுர அடி, நாட்டு ஓடு, அப்பா காலத்தது. பையனுக்குத் தை மாதம் கல்யாணம். மேலே ஓர் அறை எடுக்கலாமா? அரசு உதவி கிடைக்குமா?
– வாசகி, பொன்னம்மாபேட்டை

தை மாதத்துக்குள் முடியாது, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.

சுவரைப் பாருங்கள். ஓட்டு வீட்டுச் சுவர் பெரும்பாலும் மண் சாந்தில் எழுப்பியது. ஓட்டைத் தாங்கும், கான்கிரீட் தளத்தைத் தாங்காது. "சுவர் ரெண்டடி கனம் இருக்குதே, தாங்கும்" என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள். சுவரை ஒட்டி ஒரு ஓரத்தில் குழி தோண்டிக் கடைக்கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கருங்கல்லா வெறும் மண்ணா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாலு மூலையில், நடுவில் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு, பில்லர் எழுப்பி பீம் போட்டு அதன் மேல் தளம் போடுவதுதான் வழி. பழைய சுவர் சும்மா திரை மாதிரி நிற்கும். பணம் இல்லை என்று சிமெண்ட் ஷீட் போட்டு மேலே அறை எடுக்காதீர்கள். சித்திரையில் சேலத்து வெயிலுக்குப் புது மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

காகிதம். 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் விவரங்களைப் போட்டுக் கட்டணம் கட்டியதும் அனுமதி. முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்கு நான் செருப்புத் தேய்ந்த கதையை ஓர் இதழ் முழுக்க எழுதலாம். இப்போது எவ்வளவோ மேல். ஆனால் 420 சதுர அடியில் சுற்றிலும் இடம் விடச் சொன்னால் நடுவில் ஒரு குளியலறைதான் மிஞ்சும். உங்கள் தெரு தொடர் கட்டிடப் பகுதியில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டலாம். நம் ஊர்ப் பழைய பேட்டைகளுக்கு எல்லாம் இந்த ஒரு சலுகையை முழுசாகக் கொடுத்தாலே எத்தனையோ மாடி அறைகள் எழும்பிவிடும்.

உதவி. 2015இல் வந்த பிரதமர் திட்டத்தில் இருக்கிற வீட்டோடு அறை கூட்டிக் கட்டவும் வழி வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது சுற்றில், குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக்கூடாது, கடந்த 20 வருடத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பலன் அடைந்திருக்கக் கூடாது என்று நிபந்தனை. அவர்கள் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். கல்யாணமானதும் உங்கள் பையன் தனிக் குடும்பம். அவன் பேரில் இடம் வேண்டும் என்றால் செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கலாம், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் பட்டா இன்னும் மாமனார் பேரிலேயே இருக்கிறதா? இருக்கும். பொன்னம்மாபேட்டையில் நான் பார்த்த பாதி வீடுகளில் அப்படித்தான். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இரண்டையும் இன்றைக்கே தொடங்குங்கள். உத்தரவு கைக்கு வருவதற்கு முன் மானியத்தை நம்பிக் கம்பி இறக்காதீர்கள்.

வாடகைக்குப் பதில் 5 லட்சம் கொடுத்து மூன்று வருடப் போக்கியத்துக்கு வீடு பார்த்திருக்கிறோம். லாபம்தானே?
– வாசகர், அம்மாப்பேட்டை

வாடகை மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே எழுதப்போகிறீர்கள்? கடையில் கிடைக்கிற ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு சாட்சிக் கையெழுத்து என்றால் வேண்டாம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானமே பதிவு செய்தால்தான் செல்லும், நீங்கள் கொடுப்பது 5 லட்சம். பதிவு செலவுக்குப் பயந்து பேப்பரோடு நிறுத்திய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் அதே வீட்டை ஏற்கெனவே ஒரு நிதி நிறுவனத்தில் வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீஸ். இட்லித் தட்டு அடுப்பில் இருக்கும்போதே ஆட்கள் வந்து நின்றார்கள். பணம் இன்னும் முழுசாக வரவில்லை.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தை உங்கள் கண்ணால் பாருங்கள், நகலை இல்லை. "பத்திரம் தங்கச்சி வீட்டுல இருக்குங்க" என்றால் அது பெரும்பாலும் பேங்க்கில் இருக்கிறது.

ஃபிளாட் ஒன்றைப் பூட்டியே வைத்திருக்கிறேன். வாடகைக்கு விட்டால் காலி செய்யமாட்டார்கள் என்று பயம். நான் செய்வது தப்பா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பயம் பழைய சட்டத்தால் வந்தது. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசக்கும். ஒரு நர்ஸ் பொண்ணும் அவள் அம்மாவும் குடிவர வீடு தேடுகிறார்கள் என்றால் பத்து மாத அட்வான்ஸ்தான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது, வாடகை இல்லை. பூட்டிய வீட்டில் குழாய் துருப்பிடிக்கும், சுவர் ஓதம் அடிக்கும், அசோசியேஷனுக்கு மெயின்டனன்ஸ் மட்டும் தவறாமல் போகும். விட்டுவிடுங்கள் சார்.

ஓமலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி மனை, சென்ட் விலை பாதிதான். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு' என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கருப்பூர்

வேனில் கூட்டிப்போய் மதியம் பிரியாணி போட்டார்களா? தங்கக் காசு குலுக்கல் உண்டா? சரி.

பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை மட்டும் குத்தினால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின், எல்லாரும் டிடிசிபி என்கிறோமே, அதன் அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும், ரெரா வெப்சைட்டிலேயே தேடிப் பார்க்கலாம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது ஞாபகம் இருக்கும். அடுத்த வருடம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தித்தர வரன்முறைத் திட்டம் வந்தது, அதுவும் 2016 அக்டோபர் 20க்குள் பதிவானவற்றுக்கு. அந்தச் சமயத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் மூன்று சென்ட் மனைக்குப் ப்ளான் போடச் சொல்லி வந்தார். பத்திரம் இருக்கிறது, மனையும் இருக்கிறது, வீடு கட்டக் கடன் தர ஒரு பேங்க்கும் இல்லை. பிரியாணி நல்லா இருந்துச்சு சார் என்றார்.

ஆனால் ஒன்று. இந்த மனைகளை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் இல்லை. அங்கீகாரம் உள்ள மனை கைக்கு எட்டாததால் எட்டுகிறதை வாங்குகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தை நலிவடைந்தவர்களுக்கான சின்ன மனைகளாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்த முறை வேனில் ஏறும்போது அந்தச் சின்ன மனைகள் எங்கே என்று கேளுங்கள், இறக்கிவிட்டாலும் விடுவார்கள்.

கொலுசுப் பட்டறையில் வேலை, வாரக்கூலி. பேங்க் "இன்கம் ப்ரூஃப்" கேட்கிறது. தனியார் ஃபைனான்ஸ் 13 சதவீதத்துக்குத் தருகிறார்கள். வாங்கிவிடலாமா?
– வாசகர், சிவதாபுரம்

10 லட்சம், 15 வருடம். 9 சதவீதம் என்றால் மாதம் 10,143. 13 சதவீதம் என்றால் 12,652. மாதம் 2,500 ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் நாலரை லட்சம். அரசாங்கம் தரும் வட்டி மானியத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒரு காகிதம் இல்லாததால் கையை விட்டுப் போகிறது. இதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

இரண்டு வருடம் பொறுக்க முடியுமா தம்பி? கூலியை ரொக்கமாக வாங்காமல் ஜிபேயில் கணக்குக்கு வரவையுங்கள். வரி கட்டத் தேவையில்லை என்றாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். மனைவி வீட்டில் வளையம் கோர்த்துச் சம்பாதித்தால் அதுவும் அவர் கணக்கில் ஏறட்டும், கடனில் அவரையும் சேர்க்கலாம். அவர் பேரிலேயே வாங்கினால் இன்னொரு லாபம்: 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் 35 வருடமாக வேலை. லைன் வீட்டில் இருக்கிறோம். ரிட்டையர் ஆனால் எங்கே போவது?
– வாசகி, ஏற்காடு

இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் இதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

தோட்டத்திலேயே தங்கும் தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்ற கடமையை 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். 35 வருடம் கூரை இருந்ததால் யாரும் உங்களை வீடில்லாதவர் என்று எந்தக் கணக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள். ரிட்டையர் ஆகிற அன்றைக்குத்தான் திடீரென்று வீடில்லாதவர் ஆவீர்கள்.

மலையில் சொந்தமாக நிலம் வாங்கிக் கட்டுவது சுலபமில்லை. ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு உண்டு, அது மலைக்கு நல்லதுதான். ஆனால் வார விடுமுறை வில்லாக்கள் எப்படியோ எழும்பி நிலத்தின் விலையை ஏற்றிவிட்டன. அதற்கு மேல் மணலும் ஜல்லியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், லோடுக்கு லாரிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வழி தெரிகிறது. ஏற்காடு ஊராட்சி ஒன்றியம் என்பதால் நீங்கள் கிராமப்புறக் கணக்கில் வருவீர்கள். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள், 2030க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. குடிசைகளை மாற்றத்தான் அந்தத் திட்டம், சொந்தமாக இடமும் பட்டாவும் வேண்டும். ஆகவே முதலில் வீட்டுமனைப் பட்டா. ஏற்காடு தாலுகா ஆபீசில் வீடற்றோர் இலவச மனைப் பட்டாவுக்கு இப்போதே மனு கொடுங்கள், ரிட்டையர் ஆன பிறகு இல்லை. தனியாகப் போகாதீர்கள், உங்கள் லைனில் இன்னும் ஐந்தாறு வருடத்தில் ரிட்டையர் ஆகிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து போங்கள். மனு நகலில் தேதி சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கீழே சேலத்தில் வேலையில் இருந்தால் அவர்கள் பேரில் நகர்ப்புறத் திட்டத்திலும் தனியாக விண்ணப்பிக்கலாம்.

300 சதுர அடி வீட்டில் பூஜை அறை எந்த மூலையில் வைப்பது?
– வாசகி, கொண்டலாம்பட்டி

அறை வேண்டாம் அம்மா. ஹாலும் சமையலறையும் சேருகிற சுவரில், இடுப்பு உயரத்துக்கு மேலே, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு மாடம் விடச் சொல்லுங்கள். கீழே அரிசி டிரம் நிற்கும் அளவு இடம் இருக்கட்டும். விளக்குப் புகை போக மேலே சின்னதாக ஒரு ஓட்டை. அது கிழக்குப் பார்க்குமா என்று கேட்காதீர்கள், உங்கள் மனையில் கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர் சுவர்தான் இருக்கிறது.